மஞ்சள் மெடல்

மார்ச் 2

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலம் என்று போனில் சொல்கிறாய், எனக்கு நம்பிக்கையில்லை. போனை எடுத்தால் உனக்கு "ம்", "சரிம்மா", "வச்சிடட்டுமா" என்று மூன்றே வார்த்தைதான் வாயில் வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

இங்கே புது ஆர்டர் வந்திருக்கிறது. குளிர் ஜாக்கெட். எங்கள் ஆலைக்குள் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வெந்து போவோம், எல்லாம் நீ படிக்கப் போயிருக்கும் அந்தக் குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான். எனக்கு ஜிப் வைக்கும் வேலை. ஜிப் வைப்பது லேசுப்பட்டதில்லை. தையல் கொஞ்சம் கோணினாலும் பாதியில் மாட்டிக்கொள்ளும், பீஸ் திரும்பி வந்துவிடும். என் பீஸ் திரும்பி வருவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

இன்னொரு சேதி. உன் அம்மா மெடல் வாங்கினாள். எங்கள் லைனில் முப்பது பேர். முப்பது பேருக்கும் சேர்த்து நாடா கோத்த ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை, விசிலின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். விசில் என்பது எங்கள் சூப்பர்வைசர். ஊதுவதற்கு அவருக்கு விசில் வேண்டாம், பல்லிடுக்கே போதும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு, அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அட்டையில்லாமல் எழுந்தால் அரைநாள் சம்பளம் போச்சு. அதற்கு மெடல் என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது எங்கள் லைனில் "இன்னைக்கு எத்தனை மெடல்?" என்பதுதான் குசலம் விசாரிப்பு. அதைக் கொடுக்கும்போதெல்லாம் விசில் மறக்காமல் "போயிட்டு சீக்கிரம் வா" என்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கிற மாதிரி. நேற்று எனக்கு இரண்டு மெடல். அடுத்த ஒலிம்பிக்ஸில் என்னைப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே.

உன் வரவை எண்ணி,
அம்மா


மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அறைத்தோழன் ஏதாவது கெட்ட சேதியா என்று கேட்டான். இல்லை, என் அம்மா ஜோக் அடித்திருக்கிறாள் என்றேன். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை அம்மா. உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்லூரிக்குப் போகும் தெருவில், நீங்கள் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் கம்பெனியின் கடை இருக்கிறது. கண்ணாடிக்குள் பொம்மைக்கு ஜாக்கெட் மாட்டியிருந்தார்கள். உள்ளே போய் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். வழுக்கிக்கொண்டு போனது. கடைக்காரப் பெண் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். இதை எங்கள் அம்மா தைத்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: சரக்கு தடையில்லாமல் எல்லை தாண்டட்டும், மனிதனுக்கு வேண்டிய உரிமைகள் அதன் பின்னாலேயே வந்து சேரும் என்று. போன வாரம் எழுந்து கேட்டேன். ஜாக்கெட் எத்தனையோ எல்லையைத் தாண்டி இங்கே வந்துவிட்டது, அதைத் தைத்தவள் அறையின் கடைசியில் இருக்கும் பாத்ரூமுக்குப் போகக் கழுத்தில் அட்டை வேண்டும் என்கிறார்களே, இது எப்படி என்றேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் தெரிய வேண்டும். அவசரம் என்றால் என்ன செய்வீர்கள்? உடம்பு முடியாதவர்கள்? பிள்ளை வயிற்றில் இருப்பவர்கள்? எல்லாவற்றையும் எழுது அம்மா.

உன் மகன்


ஏப்ரல் 3

என் அன்பு மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேராசிரியரை மடக்கினேன் என்று எழுதியிருக்கிறாய். படிக்க அனுப்பினேன், மடக்க அனுப்பவில்லை. ஆனாலும் நீ எழுந்து நின்றதை நினைத்து இரண்டு நாள் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஒன்று தெரிந்துகொள். அந்த ஆலையை நீ அட்டையை மட்டும் வைத்து எடை போடாதே. உன் அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தில் உன்னைக் கட்டில் அடியில் தள்ளிவிட்டு நான் வாசலில் நின்றது உனக்கு நினைவிருக்காது. அந்த வீட்டில் உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது, அவரே பிடுங்கி எறிந்திருந்தார். ஆலையில் முதல் மாதச் சம்பளம் வாங்கி நான் செய்த முதல் காரியம், கதவில் தாழ்ப்பாள் இருக்கிற ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அந்த அரசன் மாதம் தவறாமல் சம்பளம் போட்டான். ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினோம். நீ படித்தாய். ஜாக்கெட் எல்லை தாண்டியிருக்காவிட்டால் நான் அந்த வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். இதையும் உன் பேராசிரியரிடம் சொல்.

கேட்டாயே, அதற்கும் பதில் எழுதுகிறேன், வயிறு எரிகிறது. என் பக்கத்து மெஷினில் ஒரு சின்னப் பெண். ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று கூப்பிடுவோம். இப்போது ஊசிக்கு ஏழாம் மாதம். போன வாரம் ஷிப்மெண்ட் அவசரம். மெடல் வேறொருத்தி கழுத்தில் இருந்தது. ஊசி இரண்டு தடவை கை தூக்கினாள். விசில், "இரு இரு, அவ வரட்டும்" என்றார். போனவள் வந்து மாட்டினாள். எழுந்த ஊசியை, "அந்தத் துணிக்கட்டைத் தைச்சு முடிச்சிட்டுப் போ" என்று உட்கார வைத்தார். முடிக்கிறதற்குள் அவளால் முடியவில்லை. நாற்காலியெல்லாம் நனைந்து போயிற்று. பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே, செத்துவிடலாம் என்கிற முகம். நான் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் மடியிலும் அவள் மடியிலும் தரையிலுமாகக் கொட்டிவிட்டு, "ஐயோ கை தவறிடுச்சு" என்று கூச்சல் போட்டேன். விசிலுக்குத் தெரியும். அவர் திரும்பிக்கொண்டார். மெஷின் பக்கம் தண்ணீர் கொண்டு வந்ததற்கு எனக்கு அரைநாள் கட்.

சொல்லிவிட்டேன். இப்போது கொஞ்சம் இளைப்பாறியது போல இருக்கிறது.

உன் அம்மா


ஏப்ரல் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரிய சேதி. சனிக்கிழமை அந்தக் கடையின் முன்னால் மாணவர்கள் கூடினோம். நான் உன் கடிதத்திலிருந்து படித்தேன். மெடல், ஊசி, தண்ணீர் பாட்டில் எல்லாம். கூட்டத்தில் ஒருவர் அழுதார். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு குடும்பம் அப்படியே திரும்பிப் போனது. பத்திரிகைக்காரர் ஒருவர் அதை முழுசாக எடுத்துப் போட்டுவிட்டார். வெட்டி அனுப்பியிருக்கிறேன், பார். உன் பெயரும் இல்லை, ஆலையின் பெயரும் இல்லை, பயப்படாதே. கம்பெனியே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. விசாரிப்பதாக அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

தாழ்ப்பாள் விஷயத்தை நான் படிக்கவில்லை. அது நம் வீட்டு விஷயம். தவிர, அதைப் படித்தால் கம்பெனிக்காரர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

முதல் தடவையாக இந்த ஊரில் உன் குரலை நாலு பேர் கேட்டார்கள் அம்மா. உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் மகன்


மே 6

மகனுக்கு,

போன் செய்யாதே. நீ கூப்பிட்டதெல்லாம் பார்த்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். கேட்டில் எங்கள் போனை வாங்கி யார் யாரோடு பேசினோம் என்று பார்க்கிறார்கள்.

நீ வெட்டி அனுப்பிய காகிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே மேனேஜர் மேஜைக்கு வந்துவிட்டது. கம்பெனி ஆபீசிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். பெயரில்லை என்றாயே, பெயர் எதற்கு? மெடல் என்று சொல்வது இந்த உலகத்திலேயே எங்கள் லைன் மட்டும்தான். தண்ணீர் பாட்டில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், ஊசி, விசில். விசில் தன்னைப் பற்றித் தானே பத்திரிகைக்கு எழுதுவாரா?

எல்லோரையும் கீழே நிறுத்தி வைத்து மேனேஜர் பேசினார். "யார் சொன்னதுன்னு தெரியணும். இல்லன்னா ஆர்டர் போயிடும், ஆலையும் போயிடும்" என்றார். அப்புறம் ஊசியை மட்டும் மேலே கூப்பிட்டார்கள். கேவலப்பட்டவள்தானே வெளியே சொல்லியிருப்பாள் என்பது அவர்கள் கணக்கு. அவள் நான் இல்லை, நான் இல்லை என்று அழுதாளாம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிற வரை வராதே என்று அனுப்பிவிட்டார்கள். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து ஜிப் வைக்கிறேன். இன்றைக்கு என் பீஸ் மூன்று திரும்பி வந்தது.

அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. நேற்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக மடியில தண்ணி ஊத்திக்கிட்ட நீங்களா சொல்லுவீங்க?" என்றாள்.

என் வயிற்றெரிச்சலை என் பிள்ளையிடம் சொன்னேன். அதைத் தெருவில் நின்று வாசிப்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. படிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாத்ரூம் போவதற்கு ஒரு ஆளிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவ்வளவு பேசுகிறாய், பெற்றவளிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை.

அம்மா


மே 15

அம்மா,

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் போதாது, தெரியும். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து தூக்கமில்லை. ஊசி அழுதாள் என்ற வரியிலேயே நிற்கிறேன்.

இதைவிட மோசமான சேதி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி நேற்று அறிவித்துவிட்டது. விசாரணையெல்லாம் இல்லை. இந்த ஷிப்மெண்டோடு உங்கள் ஆலைக்கு ஆர்டரை நிறுத்தப் போகிறார்களாம். எங்கள் குழுவில் வெற்றி வெற்றி என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் மூலையில் நின்றேன். ஆலையைத் திருத்துவார்கள் என்று நினைத்தேன் அம்மா, ஆலையை விட்டு ஓடுவார்கள் என்று நினைக்கவில்லை. விலை குறைவாக வேறு எங்காவது தைத்துக்கொள்வார்கள். அங்கே எத்தனை லைனுக்கு ஒரு அட்டையோ.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீ போய் எதையும் சொல்லிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது. சொன்னால் வேலை போகும். அந்த வட்டாரத்தில் வேறு எந்த ஆலையும் உன்னைச் சேர்க்காது. ஊசிக்கு நான் ஏதாவது வழி செய்கிறேன், வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். நீ மட்டும் வாயைத் திறக்காமல் இரு. எனக்காக.

உன் மகன்


மே 30

என் மகனுக்கு,

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்று சொல்வார்கள். உலகத்தில் உள்ள தொழிலாளியெல்லாம் பேச வேண்டும் என்று தெருவில் நின்றாய். உன் அம்மா மட்டும் பேசக்கூடாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுதேன். நீ பயந்து எழுதியது புரிந்தது. பயத்தில் விசிலும் நீயும் ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள்: உட்காரு, பொறு, இப்போ வேண்டாம்.

மறுநாள் காலையில் கை தூக்கினேன். விசில் மெடலை எடுத்துக் கொடுத்து, "போயிட்டு சீக்கிரம் வா" என்றார். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பாத்ரூமைத் தாண்டினேன். மாடிப்படியில் நின்ற காவலாளி மெடலைப் பார்த்து, விசில்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து வழிவிட்டான். பாத்ரூமுக்கே போயிருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

மேனேஜரிடம், "சார், அது நான் எழுதினது. என் மகனுக்கு எழுதின கடுதாசி. அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை, அவளைக் கூப்பிட்டுக்குங்க" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். "விலையைக் குறை, தைச்சுக் கொடுக்கிற நாளைக் குறைன்னு என் கழுத்தைப் பிடிக்கிறவனும் அந்தக் கம்பெனிக்காரன்தான். உங்க கழுத்துல ஏன் அட்டைன்னு கேக்கிறவனும் அவன்தான். நான் எங்கம்மா போவேன்?" என்றார். பாதி நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மீதிப் பாதிக்கு நான் பதில் சொன்னேன். கழுத்தைப் பிடிக்கிறவனிடம் நீங்களும் கை தூக்க வேண்டியதுதானே சார், எங்கள் கழுத்தில் மாட்டுவானேன் என்றேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே கணக்கை முடித்து, காவலாளியோடு கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

இனிமேல்தான் கூத்து. நடந்த அமளியில், போர்த்தியிருந்த துணிக்குள் மெடல் நழுவியிருந்ததை யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். வீட்டுக்கு வந்து குனிந்து முகம் கழுவும்போது நெஞ்சில் இடித்தது. மிச்சக் கதையைச் சாயங்காலம் லைன் பெண்கள் வந்து சொன்னார்கள். மெடல் இல்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று விசில் நின்றிருக்கிறார். சரி, மெடல் எங்கே? தெரியாது. வேறு மெடல்? ஸ்டோரில் கேட்டிருக்கிறேன், நாளைக்கு வரும். நாளை வரைக்குமா? மதியத்துக்கு மேல் காலர் தைக்கும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாளாம். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் லைனே எழுந்து போய் பாத்ரூம் வாசலில் வரிசையாக நின்றிருக்கிறது. விசில் பல்லிடுக்கில் ஊதி ஊதிப் பார்த்திருக்கிறார். அத்தனை பேருக்கும் அரைநாள் கட் என்றால் ஷிப்மெண்டை யார் தைப்பது? அன்றிலிருந்து எங்கள் லைனில் ஆணி மட்டும்தான் இருக்கிறது. மற்ற லைன்களில் இன்னும் தொங்குகிறது. ஊசியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவளிடம் நானே எல்லாம் சொன்னேன். மன்னித்தாளா என்று கேட்கவில்லை, கேட்கும் தைரியம் இல்லை.

ஆனால் ஆர்டர் போனால் இதெல்லாம் எதற்கு? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டு வெற்றி என்று கட்டிப்பிடித்துக்கொண்டால், உள்ளே இருக்கிறவர்கள் எங்கே போவது? எங்கள் வாயைத் திறந்துவிடுகிறோம் என்று வயிற்றை மூடிவிடாதீர்கள். எங்களுக்கு வேலையும் வேண்டும், எழுந்து போகவும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யார் சொன்னாலும், அது மேனேஜரானாலும் சரி, உன் பேராசிரியரானாலும் சரி, என் மகனானாலும் சரி, எனக்கு ஒத்துவராது.

மெடலை என் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி வைத்திருக்கிறேன். இனி என்னைப் பற்றி எங்கேயாவது பேச எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் கை தூக்கு. என்னிடம் கேள். கொடுத்தால் பேசு.

அம்மா


ஜூன் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

கை தூக்குகிறேன்.

உன் மூட்டைப்பூச்சிப் பழமொழியைக் குழுவில் சொன்னேன். சண்டை வந்தது. பாதிப் பேர் நான் கம்பெனிக்கு விலைபோய்விட்டேன் என்று எழுந்து போனார்கள். மீதிப் பேரோடு கம்பெனிக்கு எழுதினோம்: ஆர்டரை எடுக்காதே, விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடு, நாளைத் தளர்த்து, எல்லா லைனிலும் அட்டையைக் கழற்று, பேசியதற்காக நீக்கப்பட்டவளைத் திரும்பச் சேர். பங்குதாரர்கள் கூடும் கூட்டத்தில் பேச எங்களில் ஒருவருக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை கடைசியில். கேட்பார்கள் என்று உறுதியில்லை. நேரம் கொடுத்ததே வாயை அடைக்கத்தான் என்கிறார்கள் சிலர்.

உன் கடிதங்களை அங்கே படிக்கலாமா அம்மா? வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன். கடிதத்தைத் தொடாமல், எனக்குத் தெரிந்ததை மட்டும் பேசிவிட்டு வருவேன். உன் பதில் வரும் வரை யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

படித்துப் படித்து, உன்னிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன்.

உன் மகன்


ஜூன் 28

என் கண்ணான மகனுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. கடிதம் எனக்கு மட்டும் சொந்தமில்லையே, ஊசியைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தன்னைப் போலில்லாமல் புஷ்டியாகப் பெற்றிருக்கிறாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "படிக்கச் சொல்லுங்க. ஆனா அழுதேன்னு மட்டும் சொல்ல வேணாம்" என்றாள். அந்த வரியை எடுத்துவிடு.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. நீ சொன்னது சரிதான், ஒவ்வொரு கேட்டிலும் என் போட்டோ போயிருக்கிறது போல, பார்த்ததும் ஆள் வேண்டாம் என்கிறார்கள். இப்போதைக்கு வீட்டிலேயே பை தைத்துக் கொடுக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல். பணம் அனுப்பாதே, படிப்பை முடி.

படிப்பதென்றால் முழுசாகப் படிக்க வேண்டும். தாழ்ப்பாளை விட்டுவிட்டு மெடலை மட்டும் படிக்கக் கூடாது. அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்றால் பிடித்துக்கொள்ளட்டும், அதுவும் நிஜம்தானே. ஒலிம்பிக்ஸ் என்று எழுதியிருந்தேனே, அந்த இடத்தில் நிறுத்து, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். போன தடவை என்னை அழுகிறவளாக மட்டும் காட்டிவிட்டாய். நான் அவ்வளவு அழுமூஞ்சி இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது உன் முகத்தைப் பார்த்து. அதையும் நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தாழ்ப்பாளிலிருந்து எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நாடா கொஞ்சம் அழுக்கு, துவைத்துப் பார்த்தேன், போகவில்லை. கூட்டத்துக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்.

போயிட்டு சீக்கிரம் வா.

அம்மா